சொந்த ஊர் எது? பிறப்பிடமும் வதிவிடமும் தேடிக் குறிக்கும் வழி

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். அப்பா தான் பிறந்த ஊரைச் சொல்வார். பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த ஊரைச் சொல்வார். பெரியப்பா குலதெய்வம் இருக்கும் ஊரைச் சொல்வார். மூன்றும் சரிதான், கேட்ட கேள்விக்குள் நான்கைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவே. பிறந்த ஊர், வளர்ந்த ஊர், பிழைக்கப் போன ஊர், நிலபுலன் இருந்த ஊர், சாமி இருக்கும் ஊர் என்று ஒருவருக்கே ஐந்து ஊர் இருக்கலாம்.

ஈழத்து மரண அறிவித்தல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. "சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வதிவிடமாகவும், கனடா டொரன்டோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட அமரர்…" என்று தொடங்கும். ஒரே மூச்சில் மூன்று ஊர், வாழ்ந்த வரிசையிலேயே. தமிழில் இதைவிடச் சுருக்கமாக இதை எழுத முடியாது. ஒரே ஒரு குறை: ஆண்டு இருக்காது. குடும்ப வரலாறு தேடக் கிளம்பும் பெரும்பாலோர் தட்டுத் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். ஊர்ப் பெயர் தெரியும். எந்த வருஷம் அங்கே இருந்தார்கள் என்று தெரியாது. ஆண்டு தெரியாமல் பெரும்பாலான பதிவேடுகளை எடுத்துத் தேட முடியாது. ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரு பழக்கத்தையே சுற்றி வரும்: ஊரை எழுதும்போதே ஆண்டையும், அதைச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 1: நோட்டில் கோடு போடுங்கள்

பரம்பரை மரம் வரைவதில் தொடங்காதீர்கள். அது அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஆறு பத்தி போடுங்கள்: ஊர் (அன்றைய பெயர்), ஊர் (இன்றைய பெயர், தாலுகா, மாவட்டம்), எந்த ஆண்டு முதல், எந்த ஆண்டு வரை, ஏன் போனார்கள், சொன்னது யார் அல்லது எந்தத் தாள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் வெற்றிடமாக விடாமல் "1947க்கு முன்", "மூத்த மகன் பிறந்த பின்" என்று எல்லையையாவது எழுதுங்கள். இரண்டு எல்லைகள் கிடைத்தால் தேட வேண்டிய காலம் பத்து வருஷத்துக்குள் சுருங்கிவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து. தாளில் பார்த்ததற்கு "தா". அந்த ஊரில் நேரில் வாழ்ந்தவரே சொன்னதற்கு "நே". அவர் இன்னொருவரிடம் கேட்டுச் சொன்னதற்கு "கே". ஆறு மாதம் கழித்து இரண்டு தகவல்கள் முட்டிக்கொள்ளும்போது எதை நம்புவது என்று இந்த எழுத்துதான் சொல்லும்.

உங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். நீங்கள், பெற்றோர், நான்கு பாட்டன் பாட்டிமார். "நாங்கள் இன்ன மன்னர் காலத்தில் இன்ன நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்ற கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மேலிருந்து இறங்கி வந்தால் நடுவில் எட்டுத் தலைமுறை காணாமல் போகும்.

படி 2: பரணை இறக்குங்கள்

அலுவலகங்களுக்கு அலைவதற்கு முன் வீட்டிலேயே பாதி வேலை முடியும். எதைத் தேடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் பாத்திரங்களின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சீர் வந்த பாத்திரத்தில் பெயரும் ஊரும் சில சமயம் தேதியும் வெட்டியிருப்பார்கள். ஆணின் பெயர் இருந்தாலும் அது பெண் வீட்டுச் சீராக இருக்கலாம் என்பதால், அந்த ஊர் பாட்டியின் பிறந்த ஊரா தாத்தாவின் ஊரா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அடுத்தது. பழைய பத்திரிகைகளில் "இன்ன ஊர் இன்னாரின் பேரனும், இன்ன ஊர் இன்னாரின் குமாரனும்" என்று இரண்டு தலைமுறையின் ஊர்கள் வந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய புதையல் மொய் நோட்டு. பல வீடுகளில் மொய்யை ஊர் வாரியாக எழுதுவது வழக்கம்: மேலே ஊர்ப் பெயர், கீழே ஆட்களும் தொகையும். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் வந்து மொய் வைத்தார்களோ அங்கே உங்கள் குடும்பத்துக்கு வேர் இருக்கிறது என்று பொருள். 1960களின் மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் அதிலுள்ள ஊர்களை எண்ணிக்கை வாரியாக அடுக்குங்கள்; முதல் மூன்று ஊர்களைத் தேடினால் பெரும்பாலும் போதும்.

பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது ஊராக இருக்க வாய்ப்பு உண்டு. சி. என். அண்ணாதுரையின் "சி" காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவமான காஞ்சீவரம். "என்" தந்தை நடராசன். எம். எஸ். சுப்புலட்சுமியின் "எம்" மதுரை. "எஸ்" தாய் சண்முகவடிவு. ஆக, இரண்டாம் எழுத்து எப்போதும் தந்தை என்று எடுத்துக்கொள்வதும் பிசகு. எழுத்துகளை விரித்து எழுதிய ஒரு தாளாவது கிடைக்கும்வரை யூகத்தை யூகமாகவே வைத்திருங்கள்.

அரசு வேலை பார்த்தவர் என்றால் பணிப்பதிவேட்டின் நகலும், விடுமுறைப் பயணச் சலுகைக்காக அவர் அறிவித்த சொந்த ஊரும். பட்டாளத்தில் இருந்தவர் என்றால் விடுவிப்புப் புத்தகம். அதில் கிராமம், தாலுகா, காவல் நிலையம்வரை இருக்கும்.

படி 3: பெரியவர்களிடம் கேட்பது

மூத்தவரிடம் முதலில் போங்கள். ஆவணங்கள் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். நீட்டினால் அவர் களைத்து, உங்களை அனுப்பி வைக்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொல்ல ஆரம்பிப்பார்.

"பூர்வீகம் எது?" என்று கேட்டால் பாடம் செய்த பதில்தான் வரும். வீட்டைக் கேளுங்கள். "கல்யாணம் ஆனப்ப எந்த வீட்டுல இருந்தீங்க? சொந்தமா, வாடகையா? கிணறு எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க? ரயில் ஏற எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டால் ஊர் தானாக வெளியே வரும். ரயில் நிலையக் கேள்வி மிகவும் பயன் தரும்; ஒரே பெயரில் ஏழெட்டுப் புதூர்களும் ஆறேழு நல்லூர்களும் இருக்கிற நாட்டில், எந்த ஊர் என்பதைச் சட்டென்று தீர்த்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளையும் எங்கே பிறந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதில்தான் குடும்பம் நகர்ந்த பாதை தெரியும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது: தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூத்த பிள்ளையின் பிறந்த ஊர் குடும்பம் வாழ்ந்த ஊராக இராது, பாட்டியின் பிறந்த வீடாக இருக்கும். இதைக் கவனிக்காமல் "தாத்தா 1948இல் திண்டுக்கல்லில் இருந்தார்" என்று எழுதி, அங்கே போய் அவர் பெயரில் வீட்டைத் தேடி ஏமாந்து வருவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. இதே பொறியைத் திருப்பிப் போட்டால் அது வரம்: தாய்வழி ஊர் தெரியாத குடும்பத்தில் மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் நிலத்தை நினைவில் வைத்திருப்பார்கள். யார் எந்த ஊரில் கொடுக்கப்பட்டார், யார் எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டார் என்ற கணக்கு முழுவதும் பெண்களிடம் இருக்கும்.

படி 4: ஆண்டைப் பிடிப்பது

பாட்டி "1942" என்று சொல்ல மாட்டார். "ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணத்தை விட்டு ஓடினோமே, அப்போ" என்பார். அதை 1942 என்று மாற்றுவது உங்கள் வேலை. சில நங்கூரங்களைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். தெற்கே கன்னியாகுமரியில் "தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது" என்றால் 1956 நவம்பர் 1. மிகப் பழைய கதைகளில் வரும் "தாது வருஷப் பஞ்சம்" 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சம்.

ஜாதகக் குறிப்பு இருந்தால் அதில் தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம் இருக்கும். பிறந்த ஊரும் பெரும்பாலும் இருக்கும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியைவிட இதை நம்பலாம். பள்ளியில் சேர்க்க வயது கூட்டியோ குறைத்தோ எழுதுவதும், மே, ஜூன் மாதத் தேதி ஒன்றை ஆசிரியரே போட்டுவிடுவதும் அந்தக் காலத்தில் சர்வசாதாரணம்.

தமிழ் வருஷத்தை மாற்றும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். முதலாவது, அறுபது வருஷச் சுழற்சி. "தாது" என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம், 1996 ஆகவும் இருக்கலாம். ஆளின் தலைமுறையை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டாவது, தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. விய வருஷம் 1946 ஏப்ரலில் தொடங்கியது. "விய வருஷம் தை மாதம்" என்றால் அது 1947 ஜனவரி. தை, மாசி, பங்குனி வந்தால் ஒரு வருஷம் கூட்டுங்கள்; மார்கழி என்றால் தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் விழும்.

நெல்லை, குமரிப் பக்கத் தாள்களில் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரைக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரைக்கு 825. "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று முதியவர்கள் சொல்வது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளம். நிலப் பதிவேடுகளில் வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கான பசலி இருக்கும். அது ஜூலை 1 அன்று தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரைக்கு 591. பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன்வரை.

பழைய பத்திரத்தில் எண்கள் தமிழில் இருந்தால் பயப்பட வேண்டாம். ௲௯௱௨௰௪ என்பதைத் துண்டாக்குங்கள்: ௲ ஆயிரம், ௯௱ தொள்ளாயிரம், ௨௰ இருபது, ௪ நான்கு. 1924. ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருப்பதால் எண்ணை எழுத்தாகப் படித்துக் குழம்புவதுண்டு. பக்கத்தில் ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) இருந்தால் முன்னால் உள்ளது எண் என்று உறுதி. ௸ வந்தால் "மேற்படி".

படி 5: ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது?

மனிதர்கள் நகராமலே இருந்தாலும் எல்லைக் கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. 1940இல் நாகர்கோவிலில் பிறந்தவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்தவர். அவருடைய பழைய தாள்கள் மலையாளத்தில் இருந்தால் வியப்பில்லை. செங்கோட்டையும் அப்படியே, 1956இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. "இராமநாதபுரம் மாவட்டம்" என்று 1970இல் எழுதியிருந்தால் ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம், 1985இல் பிரிந்தவை. தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி தனியானது. தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம். நாகப்பட்டினம், தஞ்சாவூர் இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்து 1997இல் திருவாரூர். நாகப்பட்டினத்திலிருந்து 2020இல் மயிலாடுதுறை. தூத்துக்குடி 1986 வரையும் தென்காசி 2019 வரையும் திருநெல்வேலி. 1911க்கு முந்தைய தாளில் "வட ஆற்காடு" என்று இருந்தால் ஊர் இன்று ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்திலும் இருக்கலாம்.

இது வெறும் தகவல் அல்ல. பழைய பதிவேடுகள் பிரிக்கப்படும்போது சில தாய் மாவட்டத்திலேயே தங்கிவிடும். புதிய மாவட்டத் தலைநகரில் "இல்லை" என்று சொன்னால் பழைய தலைநகரில் ஒரு முறை கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரும் மாறும். மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. ஆங்கிலத் தாள்களில் திருநெல்வேலி "டின்னவேலி", தஞ்சை "டாஞ்சூர்", நாகை "நேகபட்டாம்". வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய சிற்றூர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள்; நாலைந்து தடவை வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ழகரம் லகரமாகவோ ரகரமாகவோ ஆகியிருக்கும், இறுதி "ஊர்" "ஓர்" ஆகியிருக்கும்.

படி 6: பத்திரமும் பட்டாவும்

குடும்பத்துக்கு ஒரு குழி நிலமோ ஒரு மனையோ என்றைக்காவது இருந்திருந்தால், இந்த வேலையில் இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஏனென்றால் பத்திரம் எழுதுகிறவர் ஆளை அடையாளம் காட்டியே ஆக வேண்டும்: "இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று வாங்கியவர், விற்றவர் இருவருக்கும் எழுதியிருக்கும். நிலம் ஓரூரிலும் ஆள் வேறூரிலும் இருந்தால் அதுவும் அப்பட்டமாகத் தெரியும். குடும்பம் ஊரைவிட்டுப் போன ஆண்டைப் பிடிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது: 1931 பத்திரத்தில் "இவ்வூரிலிருக்கும்" என்றும் 1938 பத்திரத்தில் "மதுரை டவுனில் குடியிருக்கும்" என்றும் வந்தால், இடைப்பட்ட ஏழு வருஷத்தில் நகர்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். வருவாய்த்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் கொடுத்து, பட்டா எண் அல்லது புல எண்ணைக் (சர்வே எண்) கொண்டு பட்டா, சிட்டாவைப் பாருங்கள். பிறகு அதே புல எண்ணுக்கு அ-பதிவேடு, அதாவது கிராமத்தின் நில விவரப் பதிவேடு. அதில் பழைய புல எண்ணும் இருக்கும். அது முக்கியம், ஏனென்றால் 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பெருமளவில் மாறின. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவுக்கு எஸ்.எல்.ஆர். எனப்படும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். யு.டி.ஆர். காலத்தில் அனுபவத்தில் இருந்தவர் பெயரை ஏற்றியதில் பிழைகள் ஏராளம். வெளியூர் போய்விட்ட அண்ணன் பெயர் விடுபட்டு, ஊரில் இருந்த தம்பி பெயர் மட்டும் ஏறியிருக்கும். ஆகவே பட்டாவில் பெயர் இல்லை என்பதால் குடும்பமே அந்த ஊர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். 1975க்குப் பிந்தையவை பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கும். முந்தையவற்றுக்கு அந்த ஊருக்கு அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகமோ அங்கே மனு போட வேண்டும். அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு: பெயர் வாரி, சொத்து வாரி. புல எண் தெரியாதவர்களுக்குப் பெயர் அட்டவணைதான் கதி. தேடுகூலி ஆண்டுக் கணக்கில் ஏறும் என்பதால், படி 4இல் ஆண்டைச் சுருக்கி வைத்ததன் அருமை இங்கே தெரியும். கட்டணம் செலுத்தினால் 1ஆம் புத்தகத்தை (நிலம், வீடு பற்றிய பத்திரங்களின் பதிவேடு) யாரும் பார்வையிட 1908 பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வழி செய்கிறது. உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் தருவார்கள், ஆகவே இறப்புச் சான்றைக் கையில் கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பட்டாவைக் கேட்டுக்கொண்டு ஒருவர் ஊருக்குள் வந்தால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றே ஊர் நினைக்கும். பங்காளி வீட்டுக்கு முதலில் போய், வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போவது நல்லது.

படி 7: பிறப்பு, இறப்பு, பள்ளி

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899இல் வந்தது. இன்றைய நாடு தழுவிய சட்டம் 1969இல். இருந்தும் கிராமத்தில் வீட்டில் பிறந்த குழந்தைகள் பதிவாகாமல் போனது அதிகம். பதிவானாலும் பெயர் இருக்காது. "ஆண் குழந்தை, இன்னார் மகன்" என்று மட்டும் இருக்கும். தேடும்போது குழந்தையின் பெயரைச் சொல்லாமல் தந்தை பெயரையும் தேதியையும் சொல்லுங்கள். இறப்புப் பதிவில் இறந்த இடமும் நிரந்தர முகவரியும் தனித்தனியே இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு. முன்பு படித்த பள்ளி எது என்ற பத்தியைப் பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பத்தின் தடம் அங்கே இருக்கும். கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. அரசுப் பதிவேடு இல்லாத காலத்துக்கும் இவை கிடைக்க வாய்ப்பு உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி அலைய வேண்டாம். 1871 முதல் எடுத்திருந்தாலும் தனிநபர் விவரம் வெளியே வராது; 1948 சட்டத்தின்படி அந்தப் பதிவுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை.

படி 8: கடல் கடந்து போனவர்கள்

எந்த நாட்டுக்கு, எந்த முறையில் போனார்கள் என்பதைப் பொறுத்து ஆவணம் இருக்கும், அல்லது இராது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு நல்ல ஆவணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது; 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம். மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை கப்பல்கள் போயின. தென்னிந்தியர்கள் 1903 முதல்தான். ஆகவே தமிழ்க் குடும்பம் ஃபிஜிக்கு 1885இல் வந்தது என்று ஒரு கதை சொன்னால் ஆண்டைச் சந்தேகியுங்கள்.

எல்லாவற்றிலும் முதலில் பிடிக்க வேண்டியது கப்பல் பட்டியலில் உள்ள அந்த ஆள் எண். அது பேரப்பிள்ளைகளின் பிறப்பு, திருமணச் சான்றுகளில் தந்தை பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகளும் வீராசாமிகளும் வந்து நிற்பார்கள். சாதிப் பத்தியை அப்படியே நம்ப வேண்டாம். கப்பல் ஏறுமுன் தங்கவைத்த டிப்போவில் கேட்டு எழுதியது, எழுதியவர் அறிந்தபடி எழுதியது.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி) முறையில் போனவர்களுக்கு இப்படிப்பட்ட ஆளுக்கொரு சீட்டு பெரும்பாலும் இல்லை. ஆனால் கங்காணி தன் ஊரையும் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்களையே கூட்டிக்கொண்டு போனார். ஆகவே தோட்டத்தின் பெயரும் கங்காணியின் ஊரும் தெரிந்தால் உங்கள் ஊர் பத்து மைல் சுற்றளவுக்குள் வந்துவிடும். தோட்டத்தில் பக்கத்து லயத்துக் (வரிசை வீட்டுக்) குடும்பங்களிடம் அவர்களின் ஊரைக் கேளுங்கள். அதுவே உங்கள் ஊராகவும் இருக்கக்கூடும்.

இலங்கையில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. அதில் தாய் தந்தையின் பிறந்த இடத்தோடு பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கும் தனிப் பத்திகள் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டதால் வந்த வினை. தேடுபவருக்கு அது லாபம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் என்றால், அப்போதைய இந்தியக் கடவுச்சீட்டையும் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையையும் எடுங்கள். தமிழ்நாட்டில் அவர்கள் குடியமர்த்தப்பட்ட ஊரும் பூர்வீக ஊரும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவரின் தாத்தா புதுக்கோட்டைக்காரராக இருப்பார்.

வடக்கு, கிழக்கு இலங்கைக் குடும்பங்களுக்கு நொத்தாரிசு (பத்திரம் முடிக்கும் சட்ட அலுவலர்) முடித்த காணி உறுதிகளும் (நிலப் பத்திரங்கள்) காணிப் பதிவகமும். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் பெயர்ந்தபோது தாள்களை இழந்தவர்கள் பலர். ஆனால் உறுதியில் எதிர்த் தரப்பு ஒன்று இருக்கும்: விற்றவர், வாங்கியவர், பக்கத்துக் காணிக்காரர். அவர்களிடம் உள்ள பிரதியில் உங்கள் பாட்டனின் பெயர் எல்லையாகவாவது இருக்கும்.

படி 9: சாமி இருக்கும் ஊர்

குலதெய்வக் கோயிலைப் பலர் முதல் படியாக வைப்பார்கள். கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்துப் புதுக் கோயில் கட்டிக்கொள்வார்கள். இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்தப் பிடிமண் கோயிலே "பூர்வீகக் கோயில்" ஆகிவிடும். ஆகவே பூசாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இங்க பிடிமண் எங்கேருந்து வந்தது?" பதில் இருந்தால் அந்த ஊருக்குப் போய் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். திருமணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாமிதான் என்பதால், தாய்வழிக்குத் தாய்மாமன் வீட்டுச் சாமியைத் தனியாகத் தேட வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளுக்கு வேலை எளிது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள், திருமணமும் அங்கே புள்ளியாக (கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக) பதிவாகும்.

போகும் நாளைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். சாதாரண நாளில் பூட்டிய கதவும் வேப்பமரமும்தான் இருக்கும். தென் மாவட்டச் சாஸ்தா கோயில் என்றால் பங்குனி உத்திரம், வேறு பல இடங்களில் மாசி மாதச் சிவராத்திரி. அன்று பங்காளிகள் எல்லா ஊரிலிருந்தும் வந்திருப்பார்கள். படையல் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன், வரி வசூலிப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். அவர் கையில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும்: குடும்பத் தலைவர் பெயர், இப்போது இருக்கும் ஊர், எந்த ஆண்டு வரை வரி கட்டியிருக்கிறார். பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் மஞ்சள் துணியில் கட்டிக் கோயில் பெட்டியில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் தாத்தாவின் பெயருக்கு எதிரே வரி நின்றுபோன ஆண்டு இருந்தால், குடும்பம் எந்தக் காலத்தில் ஊரை விட்டது என்பதற்கு அது அருமையான குறிப்பு. படம் எடுப்பதற்கு முன் நிலுவை எவ்வளவு என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். நோட்டு அதற்கப்புறம் சுலபமாகக் கைக்கு வரும்.